மரத்தில் தொங்கிய ஓலை மீன்

ஹமர்பெஸ்ட், நோர்வே
28.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். நீங்களும் தம்பி குடும்பமும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைக்கிறோம்தான். ஆனால் "சாப்பிட்டியா, குளிரா, பிள்ளைக்குத் தொப்பி போட்டியா" என்று நீங்கள் கேட்டு முடிய லைன் விழுந்துவிடும். போதாததற்கு உங்கள் வலது காது. எழுதினால் தம்பியின் மகள் வாசித்துக் காட்டுவாள், விளங்காத இடத்தில் நிறுத்தித் திருப்பிக் கேட்கலாம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருங்கள்.

முதலில் பார்சல். ஒஸ்லோவுக்கு வந்தவர் அங்கிருந்து தபாலில் போட்டு, மார்கழி 9ஆம் திகதி கைக்குக் கிடைத்தது. கேக் ஒரு துண்டும் உடையவில்லை. ரின்னைத் திறந்தவுடன் வந்த வாசத்தில் இவர் குசினிக் கதவைச் சாத்திவிட்டார், வாசம் வெளியே போய்விடுமாம்! கறுவா, கராம்பு, இஞ்சி எல்லாம் பத்திரம். நீங்கள் சிவப்பும் பச்சையும் சாயம் போட்டுச் சுருட்டி வைத்த பனையோலைக் கட்டும் வந்தது. "இது எதற்கு அம்மா, இங்கே நான் பாயா இழைக்கப் போகிறேன்" என்று போனில் சிரித்தேன் அல்லவா, அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரில் கார்த்திகை 22 அளவில் சூரியன் போனது. தை 21 அளவில்தான் திரும்பி வரும். இரண்டு மாதம். பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் கொஞ்சம் நீலமாகும், கருக்கல் நேரத்தில் நம் திருகோணமலை உள்துறைமுகத்துத் தண்ணி இருக்குமே, அந்த நிறம். இரண்டு மணிக்குள் அதுவும் போய்விடும். ஆனால் கடல் உறையாது. சூடான நீரோட்டம் ஒன்று அத்திலாந்திக்கில் இருந்து வருகிறதாம், அதனால் இவ்வளவு வடக்கிலும் மீன்பிடி நிற்பதில்லை. இவருக்கு வேலையும் நிற்பதில்லை.

இருட்டு இப்படி இருப்பதால் இந்தச் சனங்களுக்கு விளக்கு என்றால் ஒரு பைத்தியம். நத்தாருக்கு நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு முதல், திருவருகைக்காலம் தொடங்கிய அன்றைக்கு, எல்லா யன்னல்களிலும் ஒரே நேரத்தில் விளக்கு வந்துவிடும். ஒன்று கடதாசி நட்சத்திரம், உள்ளே பல்ப் எரியும். மற்றது ஏழு திரி வைத்த முக்கோண விளக்குத் தண்டு. ஏழை வீடு, பணக்கார வீடு, வங்கி, பல் வைத்தியரின் கடை, எல்லாவற்றிலும் இந்த இரண்டும்தான். ஊரில் ஆளுக்கு ஒரு கலர், ஒன்று அணைந்தால் ஒன்று எரியும், ஒன்று பாட்டும் பாடும். இங்கே ஒன்றும் மின்னாது. சும்மா எரிந்துகொண்டிருக்கும். முதல் வருடம் எனக்கு இது சப்பென்று இருந்தது. இப்போது மின்னுகிறதைப் பார்த்தால் கண் கூசும்.

பள்ளிக்கூடத்தில் நம் ஒளி விழா மாதிரி இங்கே லூசியா என்று ஒன்று, மார்கழி 13. பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு, தலையில் விளக்கு வளையம் வைத்து, பாடிக்கொண்டு வரிசையாக வருவார்கள். குங்குமப்பூ போட்ட பணிஸ் கொடுப்பார்கள். நம் சின்னவள் மூன்றாவது வரிசை. அழவில்லை. அதுவே பெரிய விஷயம்.

அதே கிழமை, அதற்கு முதல், ஒரு பின்னேரம் பெற்றோரையும் வரச் சொன்னார்கள், மரத்துக்குச் சோடனை செய்ய. இங்கே கடையில் வாங்கித் தொங்கவிடுகிறதை விடக் கையால் செய்ததுக்குத்தான் மதிப்பு. சின்ன நோர்வேக் கொடிகளை நூலில் கோத்து மரத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். வைக்கோலில் ஆடு கட்டுவார்கள். எல்லாவற்றிலும் முக்கியம் கடதாசி இதயக் கூடை. சிவப்புக் கடதாசி ஒன்று, வெள்ளைக் கடதாசி ஒன்று, இரண்டையும் இரட்டையாக மடித்து, ஒரு பக்கத்தை வளைவாக வெட்டி, மற்றப் பக்கத்தில் கீற்றுக் கீற்றாகக் கத்தரித்து, ஒன்றை ஒன்றுக்குள் பின்ன வேண்டும். முடிந்தால் கட்டம் போட்ட இதயம் மாதிரி வரும், நடுவில் விரித்தால் சின்னக் கூடை, உள்ளே இனிப்புப் போடலாம்.

என் மேசையில் ஒரு எஞ்சினியர், ஒரு நேர்ஸ், ஒரு மாலுமி. மூன்று பேரும் தடுமாறினார்கள். மாலுமி மட்டும் இரண்டு கடதாசியைக் கிழித்துவிட்டார். எனக்கும் முதலில் பிடிபடவில்லை, ஏனென்றால் நம் ஓலை மேலும் கீழுமாகப் போகும், இது அப்படியில்லை. கீற்று இரட்டையாக இருப்பதால், ஒன்றை மற்றதின் வயிற்றுக்குள்ளே நுழைக்க வேண்டும், அடுத்ததை அதற்கு மேலே போர்த்த வேண்டும். உள், வெளி, உள், வெளி. அம்மம்மா சொல்லுவாவே, "கண்ணை எடுத்திட்டுக் கையை விடு" என்று. யன்னலைப் பார்த்துக்கொண்டு பின்னினேன். நாலாவது கீற்றில் கை தானாகப் போகத் தொடங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் மூன்று இதயம். மாலுமியின் மகள் தன் தகப்பனுடையதை என் முன்னால் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். பேசவும் இல்லை.

"எங்கே படித்தாய்" என்று ஆசிரியை கேட்டா. எங்கள் ஊரில் பனையோலையில் பெட்டி இழைப்போம் என்று சொன்னேன். "ஓலை இருக்கிறதா, கொண்டு வர முடியுமா" என்றா. நான் பார்சலைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் கட்டை அவிழ்த்தேன். ஹீட்டர் சூட்டில் காற்று காய்ந்து போயிருக்கும் அல்லவா, முதல் ஓலையை மடித்தவுடன் அப்பளம் மாதிரி டிக் என்று முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் நீங்கள் ஓலையை இரவில் ஈரச் சாக்கால் மூடி வைக்கிறது ஞாபகம் வந்தது. இங்கே சாக்குக்கு எங்கே போக? குளியல் துவாயை நனைத்துச் சுற்றிக் குளியலறையில் வைத்தேன். விடியப் பார்த்தால் ஓலை பிள்ளையின் காது மாதிரி மெத்தென்று இருந்தது. துவாய் சிவப்பும் பச்சையும் ஆகிவிட்டது, இவர் இன்னும் அந்தக் கதையை விடவில்லை.

கிளி ஐந்து, காற்றாடி நாலு, மீன் ஆறு செய்தேன். ஆறாவது மீனின் கதை கடைசியில்.

சரி, குடிக்கிறதுக்கு வருவோம். நம் வீட்டில் நத்தாருக்கு யார் வந்தாலும் ஒரு துண்டு கேக், ஒரு சின்னக் கிளாஸ் வைன், பெடியளுக்கு நெக்டோ அல்லது இஞ்சிச் சோடா. இங்கே குளொக். சிவப்பு வைனிலோ பழச்சாற்றிலோ கறுவா, கராம்பு, ஏலக்காய், இஞ்சி, தோடம்பழத் தோல் போட்டுச் சூடாக்குவார்கள். கொதிக்கவிடக் கூடாது. கோப்பைக்குள் பாதாமும் பிளம்ஸும், அதுதான் காய்ந்த திராட்சை, போட்டு, மேலே ஊற்றிக் கரண்டியோடு தருவார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்தான் முதன்முதல் தந்தார்கள். மதுவில்லாதது, கடையில் பெட்டியில் விற்கும். ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றேன். அம்மா, அது தடிமனுக்கு நீங்கள் போடுகிற கொத்தமல்லித் தண்ணியின் சொந்தக்காரி! மல்லியை எடுத்துவிட்டுச் சீனியைக் கொட்டினால் இதுதான். பக்கத்தில் நின்றவள் "பிடித்திருக்கிறதா" என்றாள். "எனக்குக் காய்ச்சல் இல்லையே" என்று சொல்ல நினைத்தேன், அதை நோர்வேஜிய மொழியில் சொல்லுகிற அளவுக்கு அப்போது பாஷை இல்லை.

இந்த முறை நானே போட்டேன். இங்கே கடையில் வருகிற கறுவா பெரும்பாலும் தடித்த பட்டை, ஒற்றைச் சுருள், நாக்கில் எரியும். நீங்கள் அனுப்பினது தாள் தாளாகச் சுருண்டது. அதைப் போட்டுக் குடித்தவர்கள் எல்லோரும் "இதில் வேறு என்ன இருக்கிறது" என்று கேட்டார்கள். வேறு ஒன்றும் இல்லை, கறுவாதான் கறுவாவாக இருந்தது. ஏலக்காய் மட்டும் இவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பணிஸ், வாஃபல் எல்லாவற்றிலும் ஏலக்காய் போடுகிறார்கள்.

பெடியளுக்கு யூலபுருஸ், நத்தார்ச் சோடா என்று அர்த்தம். நத்தாருக்கு மட்டும் வரும். சில ஊரில் சிவப்பு, சில ஊரில் கபிலம், எது உண்மையானது என்று பெரியவர்களே சண்டை பிடிப்பார்கள். எது திறம் என்று வருடா வருடம் பத்திரிகைகள் குடித்துப் பார்த்துப் புள்ளி போடும். சிவப்பைக் கண்டவுடன் நெக்டோ என்று நினைத்தேன். நிறம் அச்சு அசல். ருசி கிட்ட வரும், ஆனால் நெக்டோ இல்லை. தம்பியிடம் சொல்லுங்கள், அவனுக்குத்தான் இந்த விஷயத்தில் அக்கறை.

இவருடைய மேலாளர் ஒரு போத்தல் லின்யே அக்கவிட் கொடுத்தார். சீரகத்தின் உறவான ஒரு விதை போட்டு வடித்த சாராயம். நான் தொடவில்லை, ஆனால் கதை நல்லது. 1805இல் ஒரு நோர்வேக் கப்பல் இதைப் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு பத்தாவியாவுக்கு, இப்போதைய ஜகார்த்தாவுக்கு, விற்கப் போனதாம். அங்கே ஒருவரும் வாங்கவில்லை. 1807இல் அப்படியே திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் கடலில் ஆடி ஆடி, வெயிலில் காய்ந்து, ருசி கூடிவிட்டதாம். அன்றிலிருந்து இன்றுவரை வேண்டுமென்றே பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்ட வைத்துத்தான் போத்தலில் அடைக்கிறார்கள். எந்தக் கப்பலில் போனது என்று லேபலின் பின்பக்கம் எழுதியிருக்கும், போத்தலுக்குள்ளால் வாசிக்கலாம். வெளிநாடு போய்த் திரும்பி வந்தால்தான் சாராயத்துக்கும் மரியாதை என்று இவர் சொன்னார்.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு கோவிலில் ஒன்றுகூடல். எங்கள் புனித மிக்கேல் கோவிலை உலகத்திலேயே வட கோடியில் உள்ள கத்தோலிக்கக் கோவில் என்று சொல்லுவார்கள். சின்னக் கோவில், ஆனால் உள்ளே பாதி உலகம் இருக்கும். போலந்துக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நாங்கள், சில நோர்வேக்காரர். ஆளுக்கு ஒரு சோடனை, ஒரு குடிவகை கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. போலந்து ஆட்கள் வைக்கோல் நட்சத்திரமும், உலர்ந்த பழங்களை அவித்த ஒரு தண்ணியும் கொண்டு வந்தார்கள். பிலிப்பைன்ஸ் அக்காமார் கொண்டு வந்ததைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். பரோல் என்று பெயர். மூங்கிலில் நட்சத்திரம் கட்டி, மேலே கலர்க் கடதாசி ஒட்டி, உள்ளே விளக்கு. அப்பா மாமரத்தில் கட்டுகிற வெளிச்சக்கூடு, அதே! மழை விட்ட பிறகு கடதாசி கிழிந்து தொங்கும், அப்பா திட்டிக்கொண்டே மறுபடி பசை கிண்டுவார். அவர்களிடம் கேட்டேன், அங்கேயும் கடதாசி கிழியுமாம். குடிக்க அவர்கள் போட்டது சலபாத், தனி இஞ்சித் தண்ணி. அவர்கள் ஊரில் நத்தாருக்கு முன் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்குப் போகும்போது குடிப்பார்களாம். நல்ல உறைப்பு. எங்கள் குளொக்கும் அதுவும் கலந்தால் ஒரு கிழமைக்குத் தடிமன் கிட்ட வராது.

எல்லாச் சோடனையும் ஒரே மரத்தில் போனது. ஓலைக் கிளியைப் பார்த்து எல்லோரும் வடிவு என்றார்கள். மீனை மட்டும், நத்தார் மரத்தில் மீன் ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டது. சாமியார் விளக்கம் சொல்ல வாய் திறந்தார், ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம் மீன் என்று. அதற்குள் நம் மகள் சொல்லிவிட்டாள்: "எங்கட அம்மம்மாவின் ஊரில் கடல் இருக்கு." எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. இந்த ஊரும் மீனால்தானே வாழ்கிறது.

அவள் இன்னொரு கதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். நாம் முற்றத்தில் கட்டின பாலன் குடிலில் வைக்கோலையும் முளைவிட்ட நெல்லையும் கோட்டைப் பக்கத்து மான்கள் இரவோடு இரவாகத் தின்று, சூசையப்பரையும் தள்ளிவிட்டுப் போன கதை. நான் சொல்லிக் கொடுத்தது. பிள்ளைகள் நம்பவில்லை, றோட்டில் மானா என்று. ஆசிரியை நம்பினா. ஏனென்றால் இங்கேயும் கோடையில் கலைமான்கள் ஊருக்குள் வந்து பூந்தோட்டங்களைத் தின்னும், றோட்டின் நடுவில் நிற்கும், கார்கள் காத்திருக்கும். ஆனால் குளிர் தொடங்கினவுடன் சாமி என்ற இந்த வடபகுதிப் பழங்குடி மேய்ப்பர்கள் அவற்றை உள்நாட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். நத்தார் தாத்தாவின் மான்கள் நத்தார் அன்றைக்கு மட்டும் இந்த ஊரில் இல்லை. நம் மான்கள் மழையிலும் இருக்கின்றன.

நத்தார் என்றதும் இன்னொன்று. இங்கே இதை யூல் என்கிறார்கள், கிறிஸ்தவம் வருவதற்கு முந்தின பெயர். பாலையூற்றுப் பறங்கி மாமி "நத்தால்" என்று சொல்ல நாம் சிரிப்போமே, அவதான் சரி. போர்த்துக்கீசத்தில் பிறப்பு என்ற அர்த்தத்தில் நத்தால்தான், நாம்தான் நத்தார் ஆக்கினோம். மாமியிடம் என் சார்பில் தோற்றுப் போனதாகச் சொல்லுங்கள்.

24ஆம் திகதி பகல் பாற்சோறு மாதிரி ஒரு அரிசிக் கஞ்சி, மேலே வெண்ணெய், சீனி, கறுவாத்தூள். பானையில் ஒரே ஒரு பாதாம் போடுவார்கள், யாருடைய கோப்பைக்குள் வருகிறதோ அவருக்கு மாசிப்பான் என்ற பாதாம் இனிப்பில் செய்த பன்றிக்குட்டி. முந்தி ஒரு கோப்பையைக் களஞ்சியத்தில் வைப்பார்களாம், நிஸ்ஸ என்ற குள்ளக் காவல்காரனுக்கு. வைக்காவிட்டால் மாட்டுக்குத் தொல்லை கொடுப்பான். வைரவருக்குப் படையல் போடுகிற நம் அடுத்த வீட்டுக்காரருக்கு இது உடனே விளங்கும்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கோவில் மணிகள் அடித்து நத்தாரை வரவேற்பார்கள். அதற்கு முன் சனங்கள் சேமக்காலைக்குப் போய்ப் பனியைக் கையால் கிண்டி, கல்லறைகளில் விளக்கு வைப்பார்கள். நாம் கார்த்திகை 2இல் செய்கிறதை இவர்கள் மார்கழி 24இல் செய்கிறார்கள். எங்கள் இல்லத்தில் 91 வயது ஆச்சி ஒருத்தி இருக்கிறா. அவவின் தாய் தகப்பனுக்கு விளக்கு வைக்க என்னை அனுப்பினா. 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது சனத்தையெல்லாம் கப்பலில் ஏற்றித் தெற்கே அனுப்பிவிட்டு ஊரையே எரித்தது. சேமக்காலைச் சிற்றாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. அவவுக்கு அப்போது 11 வயது. அந்த வருட நத்தாருக்கு, இடம்பெயர்ந்து போய் இருந்த வீட்டில், தாய் பழைய பத்திரிகையில் இதயக் கூடை பின்னினாவாம். உள்ளே போட ஒன்றும் இல்லை. "எழுத்துகள் பிசகாமல் பின்னினா" என்று மட்டும் சொன்னா. நாம் இடம்பெயர்ந்த கதையை நான் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொல்ல அந்த அளவு பாஷை இன்னும் வரவில்லை.

அவவின் விளக்கை வைத்துவிட்டு, சிற்றாலயச் சுவரோரமாக அப்பாவுக்கும் ஒன்று வைத்தேன். காற்றில் அணையவில்லை.

இரவுச் சாப்பாடு உப்புப் போட்டுக் காயவைத்த செம்மறி விலா. உப்புக்கண்டம்தான், பேர்ச் மரக் குச்சியை அடுக்கி அதன்மேல் ஆவியில் அவிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. சரியாக 7.30க்கு உங்களுக்குப் போன் எடுத்தேன், ஊரில் நள்ளிரவு. நீங்கள் "ஹலோ" சொல்ல முன்னமே வெடிச்சத்தமும் கோவில் மணியும் மழையும் ஒன்றாகக் கேட்டன. மகள் காதைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

26ஆம் திகதி, சுனாமி வந்து இருபது வருடம். ஊரில் காலை 9.25 என்றால் இங்கே 4.55. எழும்பி யன்னல் நட்சத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றேன். நோர்வேக்காரரிலும் 84 பேர் அந்தக் கடலில் போனார்கள், இங்கே தொலைக்காட்சியிலும் அதுதான். வேலைக்குப் போனபோது ஆச்சி என் கையைப் பிடித்தா, ஒன்றும் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசியில் அடித்த மழைக்குக் குசினிப் பக்கக் கூரை ஒழுகுகிறதாகத் தம்பி சொன்னான். காசு அனுப்பியிருக்கிறேன், பொங்கலுக்கு முன் ஓடு மாற்றுங்கள், தள்ளிப் போட வேண்டாம். அடுத்த தரம் ஊறுகாய் அனுப்பாதீர்கள், இருக்கிறது. ஓலை அனுப்புங்கள், சாயம் போடாதது. ஆசிரியை தை மாதத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கேட்டிருக்கிறா.

கடைசியாக அந்த ஆறாவது மீன். ஐந்துக்கும் வாலை ஏதோ ஒரு மாதிரி நூலால் கட்டிச் சமாளித்தேன், தூரத்தில் தெரியாது. ஆச்சிக்குக் கொடுக்க வைத்த மீனில் நூல் போட மனமில்லை. நீங்கள் வாலை மடித்து எதற்குள்ளேயோ இழுப்பீர்கள், இரண்டாவது பின்னலுக்குள்ளா மூன்றாவதுக்குள்ளா என்று கை மறந்துவிட்டது. தம்பியின் மகளிடம் சொல்லி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். முகம் காட்ட வெட்கம் என்றால் கை மட்டும் தெரிந்தால் போதும். ஓலை காயாமல் ஈரத் துவாய்க்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்